மறுமொழி: டர்பன் கடையில் என் ஜூலு எண்களைக் கேட்டுச் சிரித்தார்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடையில் 20 ராண்ட் (அந்நாட்டு நாணயம்) என்பதை ஜூலு மொழிப் பாடநூலில் உள்ளவாறே 'அமராண்டி அங்கமஷூமி அமபிலி' என்று சொன்னதும் கடைக்காரர் சிரித்துவிட்டார் என்றும், இனி இலக்கண நூலை மூடிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் விலை, மணி, தேதி ஆகியவற்றுக்கு ஜூலு மக்கள் அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் ஆங்கில எண்களையே பயன்படுத்துவதால், உங்கள் தொடர் அவர் காதில், நம்மூர்க் காய்கறிக் கடையில் ஒருவர் செந்தமிழில் பேரம் பேசியதைப் போல ஒலித்திருக்கும். கடையில் 'ட்வென்ட்டி ராண்ட்' என்றே சொல்லுங்கள்.

ஒலிச் சுருக்கத்துக்கும் காதைப் பழக்குங்கள். 'ஸாவுபோனா' என்னும் வணக்கம் பேச்சில் 'ஸாபோனா' என்பதற்கு அருகில் வந்துவிடும். சொல்லின் இறுதி உயிர் பல இடங்களில் முணுமுணுப்பாகத் தேய்ந்துவிடும்.

ஆயினும் நூலை மூடிவிட வேண்டாம். 'உமுண்டு உயஹம்பா' என்றால் ஒருவர் போகிறார், 'அபண்டு பயஹம்பா' என்றால் பலர் போகிறார்கள். பெயர்ச்சொல்லின் வகுப்புக்கு (முன்னொட்டை வைத்துப் பெயர்ச்சொற்களைப் பிரிக்கும் குழுவுக்கு) ஏற்ப வினையின் முன்னொட்டு மாறும் இந்த இயைபு பேச்சிலும் நிற்கிறது என்பதால், என் கருத்தில் எண்களைவிட இதற்கே நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். பெரியவர் ஒருவரே இருந்தாலும், மரியாதைக்காக 'ஸனிபோனானி' என்று பன்மையில் வணங்கலாம். 'நீங்கள்' என்று சொல்லிப் பழகிய நமக்கு இது கடினமாக இராது.