கூட்டத்துக்கு வராத உறுப்பினர்கள்: கேள்வி பதில்

நலிந்துபோன சங்கத்தை என்ன செய்வது என்று ஏதாவது கேட்கவேண்டுமானால் கேளுங்கள் என்றேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரு சிறு நகரத்து வாசகர் வட்டத்தில் 22 வருடம் செயலாளராக இருந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன். வருமான வரி, நன்கொடை விலக்கு பற்றிக் கேட்டவர்கள் ஆடிட்டரைப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, பட்டியலில் 64 பேர். கூட்டத்துக்கு வருவது எட்டுப் பேர். தொடர்வதா மூடுவதா என்று அடுத்த மாதம் முடிவு செய்யவேண்டும். மற்றவர்களை எப்படிச் சேர்ப்பது?

முதலில், எட்டுப் பேர் உட்கார்ந்து திட்டம் எழுதிவிட்டு மற்றவர்களிடம் "சம்மதமா" என்று கேட்காதீர்கள். எழுதுவதற்கு முன்னால் கேளுங்கள்.

எங்கள் வட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வாடகை கட்ட முடியவில்லை. ஒன்பது பேர் கூடி அறையைக் காலி செய்தோம், புத்தகங்களை ஒரு பள்ளிக்குக் கொடுத்துவிட்டோம். மூன்று மாதம் கழித்து, முட்டிவலியால் இரண்டு வருடமாக வராமலிருந்த ஓர் அம்மா என்னைக் கடைத்தெருவில் பார்த்தார். "என் வீட்டுத் திண்ணை அறை சும்மாதானே கிடக்கிறது, ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவருக்கு நாங்கள் அனுப்பியது பொதுவான ஒரு குறுஞ்செய்தி, அவ்வளவுதான். இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் போனால் மனசு கனக்கிறது.

அதனால் எட்டுப் பேரும் ஆளுக்கு ஏழு பெயரை எடுத்துக்கொண்டு போன் செய்யுங்கள். மூன்று கேள்வி போதும்: ஏன் வர முடியவில்லை, சங்கம் மூடினால் உங்களுக்கு என்ன இல்லாமல் போகும், வீட்டிலிருந்தபடி செய்யக்கூடிய வேலை ஏதாவது உண்டா. சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே நோட்டில் எழுதுங்கள். நாங்கள் பிற்பாடு இப்படிக் கேட்டபோதுதான் ஞாயிறு காலை பத்து மணி யாருக்கெல்லாம் ஆகாது என்று தெரிந்தது. கறிக்கடைக்காரருக்கு அதுதான் வியாபார நேரம், வீட்டில் சமைக்கிற பெண்களுக்கு அடுப்படி நேரம், நர்ஸ் ஒருவருக்கு ராத்திரி டூட்டி முடிந்து தூங்குகிற நேரம். அக்கறை இல்லாதவர்கள் என்று நாங்கள் நினைத்திருந்தது இவர்களைத்தான்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு (poll) வைத்தால் போதாதா?

கூட்டத்தை எந்த நாளில் வைக்கலாம் என்று கேட்க அது போதும். மூடுவதா என்று கேட்கப் போதாது. யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்று அதில் பெயரோடு தெரியும். தலைவர் ஒன்றைத் தொட்டுவிட்டால் பாதிப் பேர் அதையே தொடுவார்கள், மீதிப் பேர் பேசாமல் இருந்துவிடுவார்கள். ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களும் உங்கள் பட்டியலில் இருப்பார்கள்.

கேள்வி: வர முடியாதவர்கள் முன்கூட்டியே கடிதத்தில் ஓட்டு எழுதி அனுப்பலாமா?

பைலா, அதாவது சங்கத்தின் சொந்த விதிகள், அனுமதித்தால் மட்டும். அனுமதித்தாலும் ஒரு சிக்கல் உண்டு. கூட்ட நடைமுறைக்கு இன்றும் பலர் எடுத்துப் பார்ப்பது, அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1876-இல் வெளியிட்ட விதிகளை. வராதவர் உரிமைக்கு அதில் தனி இடம் உண்டு. ஆனால் நேரில் போடும் ஓட்டையும் தபாலில் வரும் ஓட்டையும் கலக்காதே என்றும் அது சொல்கிறது. காரணம் சுலபம். "சங்கத்தை மூடலாம்" என்ற தீர்மானம் பேச்சுக்குப் பிறகு "ஆறு மாதம் ஒத்திவைக்கலாம்" என்று மாறிவிட்டால், பழைய வாசகத்துக்குப் போட்ட கடித ஓட்டை எதில் சேர்ப்பீர்கள்? அதனால் ஓட்டை விடக் கருத்தை வாங்குங்கள். கூட்டம் தொடங்கியதும், விவாதத்துக்கு முன்னால், அதைச் சத்தமாக வாசியுங்கள்.

கேள்வி: அவசரம் என்பதால் நோட்டீஸ் இல்லாமல் கூடலாமா?

கூடாது. என்ன முடிவெடுக்கப் போகிறோம் என்று எழுதாத நோட்டீஸும் நோட்டீஸ் ஆகாது. "இதர விஷயங்கள்" என்ற தலைப்பில் சங்கத்தை மூடியவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காதவருக்கு எதற்கு ஐயா குரல்? கூட்டிப் பெருக்குவது, கரண்ட் பில் கட்டுவது எல்லாம் நாங்கள். அவர்கள் ஆலோசனை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் முடிவெடுக்கும் உரிமையும் கேட்கப்படும் உரிமையும் வேறு வேறு. சந்தா பாக்கி வைத்தவருக்கு ஓட்டு இல்லை என்று பைலா சொன்னால் ஓட்டு இல்லை. அதற்காக அவரிடம் பேசவே கூடாது என்று எந்தப் பைலாவும் சொல்லவில்லை.

(அவரே மீண்டும்): பேசினால் மட்டும் என்ன ஆகிவிடும்? வேலை செய்கிறவன்தான் முடிவு செய்யவேண்டும்.

(சிங்கப்பூரிலிருந்து ஒருவர்): அண்ணா, ஒன்பது வருடமாக ஊர்ச் சங்கத்துக்குச் சந்தா அனுப்புகிறேன். கட்டடத்தை விற்றது தெரு ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வேலை செய்யவில்லை என்கிறீர்களே, செய் என்று யாராவது கேட்டீர்களா?

இதில் நான் சிங்கப்பூர்த் தங்கை பக்கம்தான். "வேலை செய்கிறவனுக்கே முடிவு" என்று சொல்லிச் சொல்லித்தான் பல சங்கங்களில் வேலை செய்கிற ஆட்கள் எட்டிலிருந்து நாலாகிறார்கள். முடிவில் பங்கு இல்லாதவருக்கு வேலையில் மட்டும் எப்படிப் பங்கு வரும்? தூரத்தில் இருப்பவர் கணக்கு எழுதலாம், உறுப்பினர் பட்டியலைச் சரிபார்க்கலாம், முதியவர்களுக்குப் போன் செய்யலாம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். மாலை ஆறரைக்கு இங்கே கூட்டம் வைத்தால் சிங்கப்பூரில் இரவு ஒன்பது மணி, துபாயில் மாலை ஐந்து மணி. வீடியோ அழைப்பில் இரண்டு ஊர்க்காரர்களும் வரலாம். பெருக்குகிற அண்ணாவுக்கும் ஒன்று சொல்கிறேன். நீங்கள் செய்கிற வேலையைப் பட்டியல் போட்டு எல்லாருக்கும் அனுப்புங்கள். பல பேருக்கு அது தெரியவே தெரியாது.

கேள்வி: பைலாவைத் திருத்த எத்தனை பேர் வேண்டும்?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவான சங்கம் என்றால் சிறப்புத் தீர்மானம் வேண்டும். நாலில் மூன்று பங்கு ஆதரவு. திருத்தத்தை மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யவேண்டும்.

கேள்வி: வராதவர்களை வாட்ஸ்அப் மூலம்…

மேலே சொல்லிவிட்டேன். இதே கேள்வி இன்னும் ஐந்து பேரிடமிருந்து வந்திருக்கிறது. போன் செய்யுங்கள்.

கேள்வி: போனை எடுக்காதவர்களை என்ன செய்வது?

வேறு நேரத்தில் இன்னொருவர் கூப்பிடட்டும். அப்புறமும் எடுக்கவில்லையா, அஞ்சலட்டை எழுதுங்கள், பக்கத்துத் தெரு என்றால் நேரில் போங்கள். அவர் பதில் சொல்லவில்லை என்பதை "ஆட்சேபம் இல்லை" என்று மினிட்ஸில் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பில்) எழுதாதீர்கள். "தொடர்புகொள்ள முடியவில்லை" என்று மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: நோட்டீஸை எத்தனை நாள் முன்னால் அனுப்பவேண்டும்?

பைலாவில் போட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். பைலா நகலே இல்லை என்று எழுதிய மூன்று பேரும் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து நகல் வாங்குங்கள். அதற்குப் பிறகு கூட்டத் தேதியை வையுங்கள்.