நொடியில் வந்து மறையும் தலைக்குத்தல்

கேள்வி: எனக்கு வயது 41. சில மாதங்களாக நெற்றிப்பொட்டில் ஊசியால் குத்தியதுபோல் சுருக்கென்று ஒரு வலி வருகிறது. தைலத்தை எடுப்பதற்குள் மறைந்தும்விடுகிறது. சில நாள் இடப்பக்கம், சில நாள் வலப்பக்கம், சில சமயம் உச்சந்தலையில். கல்லூரிக் காலத்திலிருந்தே ஒற்றைத் தலைவலி உண்டு. மூளையில் கட்டியாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. ஸ்கேன் எடுக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் முதன்மைக் குத்தல் தலைவலி எனப்படும் வகையோடு பெரிதும் பொருந்துகின்றன. பெரும்பாலும் மூன்று நொடிகளுக்குள் முடிந்துவிடும் இந்த வலி, ஒரு நாளில் ஒரு முறையோ பல முறையோ ஒழுங்கின்றி வரும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. வலி இடம் மாறி மாறி வருவது உங்களுக்கு ஆறுதலான செய்தி. எப்போதும் ஒரே புள்ளியில்தான் குத்துகிறது என்றால், அந்த இடத்தில் வேறு கோளாறு இல்லை என்பதை உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வோம்.

மாத்திரை கரைவதற்குள் வலியே போய்விடுவதால், ஒவ்வொரு குத்தலுக்கும் வலிநிவாரணி விழுங்குவதில் பயனில்லை. குத்தல் அடிக்கடி வந்து அன்றாட வேலையைக் கெடுத்தால் இண்டோமெதசின் என்ற மருந்தைச் சில காலம் கொடுப்பதுண்டு. அது வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்கக்கூடியது என்பதால், மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

குத்தல் தலையில் இல்லாமல் கன்னத்திலோ தாடையிலோ மின்சாரம் பாய்ந்ததுபோல் வந்தால் கதை வேறு. பல் துலக்கும்போது, சோற்றை மெல்லும்போது, முகத்தில் குளிர்காற்று படும்போது அப்படித் தெறித்தால் அது முகத்தின் முக்கிளை நரம்பு வலியாக இருக்கலாம். இதைப் பல்வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்ட பிறகு எங்களிடம் வருகிறவர்கள் உண்டு. கார்பமசெபின் மாத்திரைக்கு இது பெரும்பாலும் கட்டுப்படும். பிடரியிலிருந்து மேல்நோக்கி இழுக்கும் சுரீர் வலிக்கு அங்குள்ள நரம்பு காரணமாகலாம். ஐஸ்கிரீம் சாப்பிட்டதும் நெற்றியில் பிடிக்கும் வலிக்கு வைத்தியமே தேவையில்லை. ஆனால் இருமும்போதோ முக்கும்போதோ மட்டும் தலை வலித்தால், மூளையின் அடிப்பகுதி கழுத்துக்குள் இறங்கியிருக்கிறதா என்று ஒரு முறை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

உண்மையில் அஞ்ச வேண்டியது, இடி விழுந்ததுபோல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டி, பிறகு மறையாமல் நிற்கும் வலிக்குத்தான். மூளையைச் சுற்றி இரத்தக் கசிவு ஏற்பட்டால் இப்படித்தான் தொடங்கும். சிலருக்கு வாந்தியும் கழுத்து விறைப்பும் சேரும். வலி சற்றுத் தணிந்தாலும் வீட்டில் காத்திராமல், சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும், ஏனெனில் முதல் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் கசிவு மிகத் தெளிவாகத் தெரியும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி வந்து, தலை சீவினாலே நோகிறது, மென்றால் தாடை வலிக்கிறது என்றால் அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் பார்வை பறிபோகும் ஆபத்து உண்டு.

மூளைக்கட்டி இரண்டு நொடிக் குத்தலாக மட்டும் வெளிப்படுவது மிக அரிது. ஆகவே உடனடி ஸ்கேன் தேவையில்லை. ஒரு நரம்பியல் மருத்துவரிடம் நேரில் பரிசோதித்துக்கொண்டால் போதும். குத்தல் வரும் பக்கம், நேரம், அப்போது கண் சிவந்து நீர் வழிகிறதா என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். கண்ணும் சிவக்கிறது என்றால் அது வேறு வகைத் தலைவலி. அதற்கான மருந்தும் வேறு.