'த விட்னஸ்': விமர்சகர்கள் புகழ, வாங்கியவர்கள் ஏன் திட்டுகிறார்கள்?
இரண்டு தரப்பும் பார்ப்பது ஒரே விஷயத்தைத்தான் தம்பி. 2016இல் விளையாட்டு வடிவமைப்பாளர் ஜொனதன் புளோவின் சிறிய குழு வெளியிட்ட இந்த வீடியோ விளையாட்டில், ஆளில்லாத தீவொன்றில் 500க்கும் மேற்பட்ட புதிர்கள், எல்லாமே கோடு இழுப்பதுதான், விதி என்னவென்று ஒரு வரிகூடச் சொல்லாது, ஒரு புதிர்ப் பலகையில் கண்டதை வைத்து அடுத்ததை நீங்களே ஊகிக்க வேண்டும். விமர்சகர்கள் மயங்கியது அதில்தான், நானும் அவர்கள் பக்கம். ஆனால் 40 டொலர் கொடுத்துவிட்டு, துப்பே இல்லாமல் நின்றால் கோபம் வரத்தானே செய்யும்? ஒலியைக் கேட்டுத் தீர்க்கும் புதிர்களும் உண்டு, காது சரியாகக் கேளாதவர்கள் சொன்ன குறை முழுக்க நியாயமானது.

கிளிநொச்சியில் இருந்து வாங்கலாமா என்றும் கேட்டீர்கள். பதிவிறக்கும்போது ஆகும் டேட்டாச் செலவு ஒருமுறைதான், புதிர்களுக்கு ஆங்கிலமும் தேவையில்லை. கழிவு விலை வரும்போது வாங்குங்கள்.