பதில்: மாரத்தஹள்ளி வீட்டுக்கு இம்பாக்ட் டிரைவர், '48 வோல்ட்' வாங்கலாமா?

கட்டில், பிளைவுட் ஷெல்ஃப், கீல், கான்கிரீட் சுவரில் கர்டன் ராடு என்று வேலைகளைப் பட்டியல் போட்டு, மலிவான '48 வோல்ட்' இம்பாக்ட் டிரைவர் (தட்டித் தட்டி ஸ்க்ரூ முறுக்கும் பேட்டரி கருவி) வாங்கலாமா என்று கேட்டிருக்கீங்க. அந்த 48 வோல்ட் ஸ்டிக்கரை நம்பாதீங்க. மலிவு விலையில் வரும் பேட்டரிக்குள் பெரும்பாலும் 5 செல்தான் இருக்கும். செல்லுக்கு 3.6 வீதம் 18 வோல்ட். முழு சார்ஜில் 4.2 வீதம் 21. பெரிய கம்பெனிகள் '18' என்பதும், முழு சார்ஜை வைத்து '20 மேக்ஸ்' என்பதும் இதே 5 செல் பேட்டரியைத்தான். ஆம்பியர்-அவர் (பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) எவ்வளவு என்று பாருங்க, 2 இருந்தால் வீட்டுக்குப் போதும்.

ஆனால் உங்கள் பட்டியலில் கான்கிரீட் சுவரில் கர்டன் ராடு இருக்கிறதே, அங்கேதான் சிக்கல். இம்பாக்ட் டிரைவர் அடிப்பது பக்கவாட்டில், சுற்றும் திசையில். சுவரைத் துளைக்க பிட்டை முன்னோக்கி அடிக்கணும். அதற்கு ஹேமர் டிரில், கான்கிரீட் பீம் என்றால் இன்னும் பலமாக அடிக்கும் ரோட்டரி ஹேமர். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஒயர் வைத்த ஹேமர் டிரில்லே உங்களுக்குச் சரி.

கட்டில், பிளைவுட் ஷெல்ஃபுக்கு டிரைவர் அருமை. 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு முதலில் 3 மி.மீ. ஓட்டை போடுங்க, இல்லையென்றால் பிளையின் ஓரம் பிளக்கும். கீல் ஸ்க்ரூவை மட்டும் கையால் முறுக்குங்க. டிரைவர் தட்டத் தொடங்கி 'டக டக' சத்தம் வந்த அரை நொடியில் 16 மி.மீ. ஸ்க்ரூவின் பிடி போய்விடும்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் விலை கேட்கும்போது 'பேர் டூல்' (கருவி மட்டும்) விலையா, பேட்டரியும் சார்ஜரும் சேர்த்தா என்று முதலில் கேளுங்க. மரக்கட்டையில் 3 அங்குல ஸ்க்ரூ ஒன்றை இறக்கிக் காட்டச் சொல்லுங்க. ஞாயிறு போகாதீங்க, பல கடை பூட்டியிருக்கும்.