கோகோ பவுடரா, ராஜ்மாவா: எதில் இரும்புச்சத்து அதிகம்?

கேள்வி: என் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். ஹீமோகுளோபின் குறைவு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ராஜ்மாவை விட கோகோ பவுடரில் இரும்புச்சத்து அதிகம் என்று படித்துவிட்டு, பெரிய டப்பாவாக சாக்லேட் பவுடர் வாங்கி தினமும் பாலில் கலந்து கொடுக்கிறேன். இது சரிதானா?
(குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா)

பதில்: நீங்கள் படித்த கணக்கு தப்பில்லைங்க, ஆனால் அது 100 கிராம் கணக்கு. சர்க்கரை சேர்க்காத கோகோ 100 கிராமில் இரும்பு கிட்டத்தட்ட 14 மில்லிகிராம், வேகவைக்காத ராஜ்மாவில் 8 சொச்சம். புரதம்தான் ராஜ்மாவில் கொஞ்சம் கூடுதல். சரி, 100 கிராம் கோகோவை யார் சாப்பிடுவார்கள்? பாலில் போடுவது ஒரு ஸ்பூன், 5 கிராம் வரும், அதில் இரும்பு 0.7 மில்லிகிராம், புரதம் ஒரு கிராம். அதுவே 50 கிராம் ராஜ்மாவை ஊறவைத்து வேகவைத்து ஒரு வேளை சாப்பிட்டால் இரும்பு சுமார் 3 மில்லிகிராம், புரதம் 11 கிராம், கூடவே நல்ல நார்ச்சத்தும் ஃபோலேட் என்கிற பி வைட்டமினும்.

இதைவிட முக்கியமான விஷயம் உங்கள் கையில் இருக்கும் டப்பா. அதைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. பாலில் கலக்கும் சாக்லேட் பவுடர் பெரும்பாலானவற்றில் முதலில் நிற்பது சர்க்கரை, கோகோ அதற்குப் பின்னால்தான். அப்படியென்றால் நான் மேலே சொன்ன 0.7 கூட அந்த ஸ்பூனில் கிடைக்காது. கோகோதான் வேண்டுமென்றால் பட்டியலில் கோகோ மட்டும் இருக்கிற, கசக்கிற பவுடரை வாங்குங்கள், அதுவும் சின்ன பாக்கெட் போதும்.

அப்புறம், மாத்திரையை அந்தப் பாலோடு தயவுசெய்து கொடுக்காதீர்கள். பாலில் உள்ள கால்சியமும் கோகோவின் துவர்ப்புச் சத்தும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். டீ, காபியும் அப்படித்தான். டாக்டர் வேறு மாதிரி சொல்லாவிட்டால் எலுமிச்சை ஜூஸோடு கொடுக்கலாம். ராஜ்மா சாப்பிடும்போதும் தக்காளியோ நெல்லிக்காயோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

ராஜ்மா வேலூரில் சுலபமாகக் கிடைக்கிறது, வைத்தியத்துக்கு வந்து காந்தி ரோடு பக்கம் லாட்ஜில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிற வடநாட்டுக்காரர்கள் கேட்டு வாங்குவதால் கடைகளில் தீராமல் வைத்திருக்கிறார்கள். சுருங்கியது, ஓட்டை விழுந்தது வேண்டாம், பழைய சரக்கு எத்தனை விசில் விட்டாலும் வேகாது. ராத்திரியே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நசுங்குகிற பதத்துக்குக் குக்கரில் வேகவையுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கிற ஒரு நச்சுப் பொருள் சில மணி நேரத்திலேயே வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும், இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

கேள்வி: சிவப்புக் காராமணியும் ராஜ்மாவும் ஒன்றா? ராஜ்மா விலை கட்டுப்படியாகவில்லை.
(காட்பாடி வாசகர்)

பதில்: இல்லைங்க, வேறு வேறு பயறு. காராமணி சின்னது, ராஜ்மா பெரிது, சிறுநீரக வடிவம். ஆனால் காய்ந்த காராமணியிலும் 100 கிராமுக்கு இரும்பு 8 மில்லிகிராம், புரதம் 23 கிராம் இருக்கிறது, ஃபோலேட் ராஜ்மாவை விடவே அதிகம். நம் வீட்டுக் கத்தரிக்காய் காராமணிக் குழம்பையே வாரம் இரண்டு நாள் வையுங்கள், புளியோடு தக்காளியும் சேர்த்து.