பியானோவை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? – கடிதம், பதில்

அன்புள்ள சார்,

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் ஜி மைனர் பியானோ குவார்ட்டெட்டை (ஓபஸ் 25; பியானோ, வயலின், வயோலா, செல்லோ என நாலு கருவிகளுக்கு எழுதியது) வருஷக்கணக்காகக் கேட்டு வருகிறேன். இருபதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஷோன்பெர்க் அதை முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதிய வடிவத்தைப் போன வாரம்தான் கேட்டேன். நாலு பேர் திண்ணையில் பேசிக்கொண்டிருந்ததை மைக் வைத்து ஊருக்கே ஒலிபரப்பியது போல இருந்தது. பியானோ குவார்ட்டெட்டில் பியானோவையே எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? எந்த ஸ்வரத்தையும் ஆதாரமாகக் கொள்ளாத அடோனல் இசை எழுதிய ஒருவருக்கு பிராம்ஸிடம் என்ன வேலை? செத்துப்போனவர் படைப்பில் இப்படிக் கைவைப்பது சரிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பியானோவை எடுப்பதற்காகவேதான் ஷோன்பெர்க் அந்த வேலையில் இறங்கினார். 1939-ல் சான் பிரான்சிஸ்கோ விமர்சகர் ஆல்ஃபிரட் ஃபிராங்கன்ஸ்டைனுக்கு எழுதிய கடிதத்தில் அவரே காரணம் சொல்லியிருக்கிறார். தனக்கு அந்தப் படைப்பு பிடிக்கும்; அதை அபூர்வமாகத்தான் வாசிக்கிறார்கள்; வாசித்தாலும் மோசமாக வாசிக்கிறார்கள். பியானோக்காரர் எவ்வளவு கெட்டிக்காரரோ அவ்வளவு சத்தமாக வாசிப்பார், வயலினும் வயோலாவும் செல்லோவும் அமுங்கிப்போகும். ஒரு தடவையாவது எல்லாவற்றையும் காதால் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். நீங்கள் சொல்லும் மைக், அவர் கணக்கில், ஏற்கெனவே பியானோவின் கையில் இருந்தது.

பியானோவுக்கு எழுதியதை மற்றக் கருவிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. பியானோவில் ஒரு ஸ்வரத்தைத் தட்டியதுமே அது தேய ஆரம்பித்துவிடும். அதைச் சமாளிக்கத்தான் பெடல். காலால் அழுத்தினால் தட்டிய ஸ்வரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கொஞ்ச நேரம் மிதக்கும். ஆர்கெஸ்ட்ராவுக்குப் பெடல் கிடையாது. இடது கையின் ஓட்டங்களை அப்படியே தூக்கிச் செல்லோக்களிடம் கொடுத்தால் வெறும் எலும்பாகக் கேட்கும். அந்த மிதப்பை ஹார்னோ வயோலாக்களோ நீட்டிப் பிடிக்கும்படி தனியாக எழுதியாக வேண்டும். தாளில் இல்லாத, ஆனால் காதில் விழுந்துகொண்டிருந்த ஒன்றை எழுதுவது அது. அசலைக் கரைத்துக் குடித்தவரால்தான் முடியும்.

ஷோன்பெர்க் அப்படிக் குடித்தவர். 1933-ல், பிராம்ஸ் பிறந்து நூறு வருஷம் ஆனபோது, ஃபிராங்க்ஃபர்ட் வானொலியில் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். எல்லோரும் பழமைவாதி என்று ஒதுக்கிய பிராம்ஸை முன்னேறிச் சென்றவர் என்று வாதாடினார். துளியூண்டு விதையிலிருந்து முழு மரத்தையும் வளர்க்கும் வித்தையைத் தான் பிராம்ஸிடம் கற்றதாகவே அவர் நினைத்தார். இந்த குவார்ட்டெட்டின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அசலில் பியானோ மட்டும், இரண்டு கையும் ஆக்டேவில் (ஒரே ஸ்வரம், வேறு ஸ்தாயி), டி, பி ஃபிளாட், எஃப் ஷார்ப், ஜி என்று நாலு ஸ்வரம் வாசிக்கிறது. முதல் மூவ்மென்ட்டில், அதாவது படைப்பின் முதல் பாகத்தில், பெரும்பகுதி இந்த நாலிலிருந்துதான் முளைக்கிறது. பியானோவில் கேட்கும்போது எது எதிலிருந்து வந்தது என்று பிடிபடுவதற்குள் பாட்டு நம்மைத் தாண்டிப் போய்விடும். ஷோன்பெர்க் அதைக் காற்றுக்கருவிகளிடம் கொடுத்துத் தொடங்குகிறார். பிறகு அந்த நாலு ஸ்வரம் வேறு இடத்தில் ஒளிந்து வரும்போது அங்கே நிறம் மாறுகிறது, நாம் கண்டுகொள்கிறோம். வானொலியில் வார்த்தையில் சொன்னதை நாலு வருஷம் கழித்து, 1937-ல், லாஸ் ஏஞ்சலஸில் உட்கார்ந்து வாத்தியங்களால் எழுதிக் காட்டினார் என்றுதான் நான் இதைக் கேட்கிறேன். அடுத்த மே மாதம் கண்டக்டர் ஓட்டோ க்ளெம்பெரர் நடத்த, லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக் அதை அரங்கேற்றியது.

இன்னொரு விஷயம். இதே மனிதர் 1918-ல் வியன்னாவில் தனி இசைச் சங்கம் ஒன்று தொடங்கினார். அங்கே வேலை நேர் எதிர்: பெரிய சிம்ஃபனிகளைக் கையடக்கக் குழுவுக்குச் சுருக்குவது. புரூக்னரின் ஏழாவது சிம்ஃபனியைக்கூட அவர் மாணவர்கள் விட்டுவைக்கவில்லை. நோக்கம் என்னவோ ஒன்றுதான், உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும்.

கைவைக்கலாமா என்று கேட்டால், பிராம்ஸே தன் படைப்பில் சும்மா இருந்தவரில்லை. அவருடைய ஓபஸ் 34 முதலில் ஐந்து தந்திக் கருவிகளுக்கு எழுதியது, அப்புறம் இரண்டு பியானோவுக்கு மாறியது, கடைசியில்தான் இன்று நமக்குத் தெரிந்த பியானோ குவின்டெட் (பியானோவும் நாலு தந்திக் கருவிகளும்) ஆனது. முதல் பியானோ கான்சர்ட்டோவும் இரண்டு பியானோ சொனாட்டாவாகப் பிறந்து, சிம்ஃபனியாக மாறப் பார்த்து, வழிமாறி வந்ததுதான்.

இதையெல்லாம் சொன்னாலும் கடைசி மூவ்மென்ட்டில் நான் உங்கள் கட்சி. பிராம்ஸ் இன்று இருந்தால் எதுவரை போவாரோ அதைத் தாண்டவில்லை என்று ஷோன்பெர்க் சாதிக்கிறார். சைலஃபோனும், டிராம்போன் வழுக்கிக்கொண்டு இறங்குவதும் பிராம்ஸா? சரி, அதுகூட எனக்குக் குஷியாகத்தான் இருக்கிறது. போனது வேறு. அசலில் அந்த ஜிப்சி ரோண்டோவை (ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும் வடிவம்) நாலே பேர் பிரெஸ்டோ என்ற படுவேகத்தில் வாசிக்கிறார்கள். ஒருவர் தடுமாறினால் எல்லாம் குலையும், அது நமக்கும் தெரியும். நெஞ்சு படபடப்பது அதனால்தான். பதினைந்து வயலின்கள் சேர்ந்து வாசிக்கும்போது யாரும் விழமாட்டார்கள். அந்தப் பயத்தை ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுத ஷோன்பெர்க்காலும் முடியவில்லை.

மூன்றாவது மூவ்மென்ட்டுக்கு மட்டும் இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள். நடுவில் ஒரு மார்ச் வருகிறது, அதுவும் மூன்றடித் தாளத்தில் (எந்தப் படை மூன்று காலால் நடந்ததோ!). அசலில் பியானோ அதை மெதுவாக, தூரத்தில் யாரோ வருவது போல ஆரம்பிக்கும். ஷோன்பெர்க் வடிவத்தில் அது தாளக்கருவிகளோடு நிஜ ராணுவ பேண்டாகவே வந்து நிற்கிறது. கண்டக்டர் சைமன் ராட்டில் பெர்லின் பில்ஹார்மோனிக்குடன் செய்த பதிவில் அந்த இடத்தை இரண்டு முறை கேளுங்கள், பிறகு உங்கள் பழைய குவார்ட்டெட் பதிவுக்குத் திரும்புங்கள். அந்தப் பியானோவுக்குள் டிரம்பெட் கேட்கவில்லை என்றால் மறுபடியும் எழுதுங்கள், சண்டை போடலாம்.