தென் மும்பையில் ஒரு நாள்: கேளுங்கள், சொல்கிறேன்

ஃபோர்ட் பகுதியில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து யார் மும்பைக்குக் கிளம்பினாலும் எனக்கு ஒரு செய்தி வந்துவிடும்: "ஒரு நாள்தான் இருக்கு, என்ன பார்க்கலாம்?" தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. இதுவரை வந்த கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

திருப்பூரிலிருந்து: அக்கா, காலையில் வந்து இறங்கி ராத்திரி ரயிலில் திரும்புகிறோம். கேட்வே, எலிஃபெண்டா, ஹாஜி அலி, சித்தி விநாயகர், ஜுஹு பீச், பாந்த்ராவில் நடிகர்கள் வீடு. இத்தனையும் ஒரே நாளில் முடியுமா?

முடியும், டாக்ஸி ஜன்னல் வழியாக. மும்பை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிற ஊர். நீங்கள் சொன்ன பட்டியல் ஜுஹுவிலிருந்து கொலாபா வரைக்கும் போகிறது. பாதி நாள் டிராஃபிக்கிலேயே கரைந்துவிடும்.

என் பேச்சைக் கேட்டால் தென்கோடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ், பழைய வி.டி.) ரயில் நிலையத்திலிருந்து கேட்வே ஆஃப் இந்தியா வரை இரண்டரை கிலோமீட்டர் சுமார். ஃப்ளோரா ஃபவுண்டன், காலா கோடா, சத்ரபதி சிவாஜி மகாராஜ் மியூசியம், தாஜ் ஹோட்டல் எல்லாம் அந்த வழியிலோ அதையொட்டியோதான். நடந்தே பார்க்கலாம். சாயங்காலம் மெரின் டிரைவ். அவ்வளவுதான், அதற்கே கால் கெஞ்சும். சித்தி விநாயகரை அடுத்த முறை வந்து கும்பிட்டுக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

மதுரையிலிருந்து: எங்கள் ரயில் சிஎஸ்எம்டிக்கு வராது, குர்லா லோக்மான்ய திலக் டெர்மினஸோடு நின்றுவிடும். பெட்டியெல்லாம் வேறு இருக்கிறது.

திரும்பும் ரயிலும் அங்கிருந்துதான் என்றால் பெட்டிகளை அங்கே கிளோக் ரூமிலேயே போட்டுவிடுங்கள். பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள், டிக்கெட்டும் காட்ட வேண்டும். அதனால் ஊரிலிருந்தே சின்னப் பூட்டு ஒன்று எடுத்து வாருங்கள். அங்கிருந்து திலக் நகர் ஸ்டேஷன் பக்கம்தான். ஹார்பர் லைன் லோக்கலில் ஏறினால் நேராக சிஎஸ்எம்டி.

ஒரே ஒரு விஷயம். காலை எட்டிலிருந்து பதினொன்று வரை ஊரே தெற்குப் பக்கம் வேலைக்கு வருகிற நேரம். குழந்தை குட்டியோடு அந்த நேரத்தில் ஏறாதீர்கள். ஸ்டேஷனிலேயே குளித்து, சாப்பிட்டு, பதினொன்றுக்கு மேல் நிதானமாகக் கிளம்பினால் போதும்.

சேலத்திலிருந்து: சிஎஸ்எம்டியில் இறங்கி ஆட்டோ பிடித்தால் கேட்வேக்கு எவ்வளவு கேட்பார்கள்?

ஒன்றும் கேட்க மாட்டார்கள், ஆட்டோவே கிடையாது. பாந்த்ரா, சயான் தாண்டித் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி இல்லை. கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சக் கட்டணத்தை 31 ரூபாய் ஆக்கினார்கள். ஏறும் முன்பே "மீட்டர் சே?" (மீட்டர்படிதானே?) என்று கேளுங்கள். தலையை ஆட்டினால் ஏறுங்கள், ஒரே ரேட்டாகப் பேசினால் அடுத்த வண்டியைப் பாருங்கள். பின்னாலேயே பத்து வண்டி நிற்கும்.

மெட்ரோ மூன்றாம் பாதையும் 2025 அக்டோபரில் கஃப் பரேட் வரை முழுதாகத் திறந்துவிட்டது. சிஎஸ்எம்டி, ஹுதாத்மா சௌக், சர்ச்கேட் எல்லாம் அதில் வரும். வெயில் தாங்காதவர்களுக்குப் பெரிய நிம்மதி.

திருச்சியிலிருந்து, சிவில் இன்ஜினியரிங் மாணவர்: அக்கா, எல்லாரும் கேட்வே முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கட்டடம் பார்க்க ஆசைப்படுகிறவனுக்கு என்ன இருக்கிறது?

இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருந்தேன், தம்பி.

முதலில் ஒன்று தெரிந்துகொள். ஃபோர்ட் என்று பெயர் இருக்கிறதே தவிர, கோட்டை கிடையாது. 1860களில் கோட்டைச் சுவரை இடித்தார்கள். அதே சமயத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போகிற பஞ்சு நின்றுபோய், பம்பாய்ப் பஞ்சுக்குக் கிராக்கி ஏறியது. கையில் பணம், கண்ணெதிரே காலி இடம். நீ பார்க்கப்போகிற பெரிய கட்டடங்களில் பாதி அந்தக் காலத்துக்குக் கொஞ்சம் பிந்தி எழும்பியவை.

சிஎஸ்எம்டியிலிருந்தே தொடங்கு. எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்தது, 1878இல் வேலை ஆரம்பித்துப் பத்து வருஷம் நடந்தது. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே நின்று பார்த்தால் பிளாட்பாரம்தான் தெரியும், ரோட்டைக் கடந்து மாநகராட்சிக் கட்டடத்துப் பக்கம் போய் நின்று பார். வாசல் தூண் ஒன்றில் சிங்கம், இன்னொன்றில் புலி. சிங்கம் பிரிட்டன், புலி நாம். குவிமாடத்தின் உச்சியில் ஒரு பெண் சிலை, 'முன்னேற்றம்' என்பதன் உருவம். சுவரெங்கும் பறவை, மிருகம், இலை தழை. ஜே.ஜே. கலைப் பள்ளி மாணவர்களும் சேர்ந்து செதுக்கியது. தினமும் அந்த வாசலில் நுழைகிற லட்சக்கணக்கானவர்களில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, 8.42 லோக்கலைப் பிடிக்கும் அவசரம். நீ பார்க்க நிற்கிற இடத்தில் பின்னால் இருக்கிற மாநகராட்சிக் கட்டடமும் அதே ஸ்டீவன்ஸ் கைவண்ணம்தான்.

அங்கிருந்து டி.என். ரோடு வழியாக நட. நடைபாதைக்கு மேலே கட்டடத்தின் முதல் மாடி நீண்டுவந்து கூரை போட்டிருக்கும், வெயில் தெரியாது. ஃப்ளோரா ஃபவுண்டன் 1864இல் வைத்தது. பக்கத்தில் தீப்பந்தம் ஏந்திய இருவர் சிலை, மகாராஷ்டிர மாநிலம் கேட்டுப் போராடிச் செத்தவர்களுக்கான நினைவிடம். ஹுதாத்மா சௌக் என்ற பெயர் அதனால் வந்தது.

அப்புறம் ஓவல் மைதானம். இதைத் தவற விடாதே. மைதானத்தின் நடுவில் நின்று கிழக்கே பார்த்தால் உயர் நீதிமன்றம், ராஜாபாய் கோபுரம் எல்லாம் விக்டோரியா காலத்து கோதிக் பாணி, கூர்முனை வளைவுகள். அப்படியே திரும்பி மேற்கே பார்த்தால் 1930களின் ஆர்ட் டெக்கோ அடுக்குமாடிகள், வளைந்த பால்கனி, கப்பல் மாதிரி முகப்பு. இரண்டுக்கும் நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். இந்த இரண்டு வரிசையையும் சேர்த்துத்தான் 2018இல் யுனெஸ்கோ அங்கீகரித்தது. ராஜாபாய் கோபுரம் 85 மீட்டர். பஞ்சுத் தரகர் பிரேம்சந்த் ராய்சந்த் தன் அம்மா பெயரில் கட்டப் பணம் கொடுத்தார். கண் தெரியாத அம்மாவுக்கு நேரம் தெரிய வேண்டும் என்றுதான் மணிக்கூண்டு கேட்டார் என்பார்கள்.

கடைசியாக காலா கோடாவில் வாட்சன் ஹோட்டல் கட்டடம். இங்கிலாந்தில் வார்த்த இரும்புச் சட்டங்களைக் கப்பலில் கொண்டுவந்து பூட்டியது. 1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் சினிமாவை இந்தியாவில் முதன்முதலில் காட்டியது அங்கேதான். இன்று பாழடைந்து கிடக்கிறது. வெளியிலிருந்து இரும்புத் தூண்களைப் பார்த்தாலே உனக்குப் புரியும்.

கும்பகோணத்திலிருந்து: அம்மாவுக்கு எலிஃபெண்டா சிவனைப் பார்க்க வேண்டும். முழங்கால் வலி உண்டு.

அப்படியானால் அந்த நாளை எலிஃபெண்டாவுக்கே கொடுத்துவிடுங்கள், நடைப்பயணத்தை மறந்துவிடுங்கள். கேட்வேயிலிருந்து லாஞ்ச் ஒரு மணி நேரம். 2024 டிசம்பரில் நடந்த படகு விபத்துக்குப் பிறகு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். புழுக்கமாக இருக்கிறது என்று கழற்றிவிடாதீர்கள். தீவில் இறங்கினால் படிக்கட்டு அடி வரைக்கும் குட்டி ரயில் இருக்கிறது. அதற்கு மேல் நூற்றுச் சொச்சம் படிகள். முடியாதவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகிற ஆட்கள் இருப்பார்கள். ஏற மட்டுமா, இறங்கவும் சேர்த்தா என்று முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

முதல் குகையில் மூன்று முகங்களோடு இருக்கிற சதாசிவம் ஆறாம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். வெளியே வெளிச்சத்திலிருந்து உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. ஒரு நிமிஷம் பொறுத்தால் நடு முகத்தின் மூடிய கண்கள் மெல்லப் புலப்படும். கும்பகோணத்துக்காரர்கள் என்பதால் சொல்கிறேன்: அங்கே தினசரி பூஜை, தீபாராதனை எதிர்பார்த்துப் போகாதீர்கள், தொல்லியல் துறையின் கீழ் இருக்கிற இடம்.

திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு உங்களுக்கு முன்னால் சாப்பிட்டுவிடும்.

ஈரோட்டிலிருந்து: சுத்த சைவம். அங்கே என்ன சாப்பிடுவது?

சைவத்துக்கு மும்பையில் பஞ்சமா! சிஎஸ்எம்டி எதிரே ஆராமில் வடாபாவ், பக்கத்தில் பஞ்சம் பூரிவாலாவில் பூரியும் உருளைக்கிழங்கும். மத்தியானம் அலுவலகங்கள் இருக்கிற எந்தச் சந்தில் நுழைந்தாலும் சாண்ட்விச் வண்டி நிற்கும். பச்சைச் சட்னி தடவி, உருளை, வெள்ளரி, பீட்ரூட், தக்காளி அடுக்கிக் கொடுப்பார்கள். வெயிலுக்கு சர்ச்கேட் பக்கம் கே. ருஸ்தம் கடை: ஐஸ்கிரீமைக் கட்டியாக வெட்டி இரண்டு மெல்லிய வேஃபருக்கு நடுவில் வைத்துத் தருவார்கள். நின்று பேசிக்கொண்டிருந்தால் முழங்கை வரை வழியும், வாங்கிய கையோடு சாப்பிட்டுவிடுங்கள்.

இரண்டாம் வேளையே இட்லி தேடுகிறவர்கள் மாட்டுங்காவுக்கு ரயிலேறலாம். கஃபே மெட்ராஸ், ராமா நாயக் உடுப்பி எல்லாம் அங்கேதான், தமிழிலேயே பேசலாம். ஆனால் ஒரே ஒரு நாள் வைத்துக்கொண்டு சாம்பாருக்காக அவ்வளவு தூரம் போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அசைவக்காரர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: பல்லார்ட் எஸ்டேட்டில் பிரிட்டானியா ஹோட்டல், பெர்ரி புலாவ், மத்தியானம் மட்டும். தாஜுக்குப் பின்னால் படேமியா கபாப் கடை, ராத்திரி.

நாகர்கோவிலிலிருந்து: கொலாபாவில் ஏமாற்றுவார்கள் என்கிறார்களே, உண்மையா?

கடைத்தெருவில் விலை ஏற்றிச் சொல்வது ஏமாற்று இல்லை, அது பேரம். கொலாபா காஸ்வேயில் செருப்பு, கம்மல், பை எதுவானாலும் சொன்ன விலையில் மூன்றில் ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். வெட்கப்பட வேண்டாம், அவர்களும் படமாட்டார்கள்.

ஏமாற்று வேறு மாதிரி வரும். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வருவாள். "காசு வேண்டாம், குழந்தைக்குப் பால் பவுடர் மட்டும் வாங்கிக் கொடுங்க" என்பாள். காசே வேண்டாம் என்கிறாளே என்று மனசு இளகிவிடும். அவளே கூட்டிப்போகிற கடையில் டின் பயங்கர விலை. நீங்கள் நகர்ந்ததும் டின் திரும்பக் கடைக்குப் போகும், பணத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். கொடுக்க ஆசை இருந்தால் பக்கத்துக் கடையில் பிஸ்கட்டும் பழமும் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

கேட்வேயில் கழுத்தில் கேமராவோடு வருகிறவர்கள் அங்கேயே பிரின்ட் போட்டுத் தருவார்கள், பழைய தொழில்தான். எத்தனை படம், என்ன விலை என்பதை கிளிக்குக்கு முன்னால் கேளுங்கள். படகு டிக்கெட்டைக் கவுன்டரில் மட்டும் வாங்குங்கள்.

கோவையிலிருந்து: தனியாக வருகிறேன் அக்கா. பாதுகாப்பு, பாத்ரூம் இரண்டும்தான் கவலை.

முதலாவதற்குக் கவலையே வேண்டாம் தங்கச்சி. ராத்திரி ஒன்பது மணிக்கு மெரின் டிரைவ் சுவரில் பெண்கள் தனியாக உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருப்பார்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். லோக்கலில் பெண்கள் பெட்டி தனி. எங்கே நிற்கும் என்று தெரியாவிட்டால் பிளாட்பாரத்தில் பெண்கள் கும்பலாக நிற்கிற இடத்தில் போய் நில்.

இரண்டாவதுதான் நிஜமான கவலை. மியூசியத்தில் ஒரு முறை போய்விடு, அங்கே சுத்தமாக இருக்கும். சாப்பிட உட்காருகிற ஹோட்டலில் இன்னொரு முறை. தேவை வந்த பிறகு தேடாதே, இடம் கிடைக்கும்போது போய்க்கொள். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் மட்டும் இருக்காதே.

வேலூரிலிருந்து: இரண்டு சின்னப் பிள்ளைகள். மியூசியம் போரடிக்குமா?

சிலைகள் போரடிக்கும். பாடம் செய்து வைத்த மிருகங்களும் பறவைகளும் இருக்கிற பகுதிக்கு நேராகப் போங்கள். கட்டடமே அழகு, கேட்வேயை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட்தான் இதையும் வடிவமைத்தார்.

சென்னையிலிருந்து: மெரின் டிரைவுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்? நம் மெரினா மாதிரி இருக்குமா?

மணல் தேடாதீர்கள், வடகோடியில் கிர்காவ் சௌபாட்டியில் மட்டும்தான் உண்டு. மற்ற இடமெல்லாம் கரைச்சுவரும் அலையைத் தடுக்கப் போட்ட நாலு கால் கான்கிரீட் கட்டிகளும். ஆனால் சென்னைக்காரர்களுக்கு இங்கே கிடைக்கிற புதுமை, சூரியன் கடலில் இறங்குவது. ஐந்தரைக்குப் போய் உட்கார்ந்துவிடுங்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. சாயங்காலம் ஐந்தரையிலிருந்து எட்டரை வரை சர்ச்கேட்டிலிருந்து வடக்கே போகிற ரயிலில் நீங்கள் ஏறவே முடியாது. காலியாக உள்ளே வருகிற ரயில் நிற்கும் முன்பே ஆட்கள் தாவி ஏறி ஜன்னலோரத்தைப் பிடித்துவிடுவார்கள். அந்த நேரத்தைக் கடற்கரையில் கழித்துவிட்டு ஒன்பதுக்கு மேல் கிளம்புங்கள். ராத்திரி ரயில் அதற்கு முன்னாலேயே என்றால் நாலரைக்குள் தெற்கை விட்டுப் புறப்பட்டுவிட வேண்டும், நடுவழி கிடையாது.

தூத்துக்குடியிலிருந்து: ஞாயிற்றுக்கிழமை வரலாமா, வாரநாளில் வரலாமா?

கட்டடம் பார்க்கவும் போட்டோ எடுக்கவும் ஞாயிறு. அலுவலகங்கள் மூடிக் கிடக்கும், ஃபோர்ட் தெருக்களில் நடுரோட்டிலேயே நடக்கலாம். ஆனால் கேட்வேயில் திருவிழாக் கூட்டம், நல்ல சாப்பாட்டுக் கடைகளில் பல மூடியிருக்கும், பராமரிப்புக்காக 'மெகா பிளாக்' என்று பகலில் லோக்கல் ரயில்களைக் குறைத்துவிடுவார்கள்.

ஊர் மூச்சு விடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் வாரநாள். பதினொன்றரைக்கு சர்ச்கேட் வாசலில் நின்றால், வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டுபோகிற டப்பாவாலாக்கள் வண்டி வண்டியாகச் சாப்பாட்டு டப்பாக்களை நடைபாதையில் பரப்பி, மூடியில் எழுதிய குறியைப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். ஓரமாக நின்று பாருங்கள். போட்டோவுக்கு நிற்கச் சொல்லாதீர்கள், ஒரு மணிக்குள் டப்பா மேஜைக்குப் போயாக வேண்டும்.

நீங்கள் வருவது நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் என்றால் செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள் போடுங்கள். ஜூலை என்றால் குடை வேண்டாம், காற்று பிய்த்துவிடும். ரெயின்கோட்டும் ரப்பர் செருப்பும் எடுத்து வாருங்கள்.